லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா? மெஷினுக்கு முன்னால் மேசையைப் பாருங்கள்

"லேப்டாப் நல்லதாக்கா, டெஸ்க்டாப் நல்லதா?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "எங்க வைக்கப் போறீங்க?" என்பதைத்தான். பட்ஜெட், பிராண்ட், எத்தனை ஜிபி எல்லாம் அப்புறம். சிவகாசியில் கம்ப்யூட்டர் விற்பனையும் சர்வீஸும் செய்கிற சின்னக் கடை என்னுடையது. அச்சகம், டிடிபி சென்டர், டியூஷன் எடுக்கிற டீச்சர், ஜிஎஸ்டி ஃபைல் பண்ணுகிற கணக்கர், காலேஜ் பிள்ளைகள் என்று எல்லா வகை ஆட்களும் வருவார்கள். விற்றதோடு எங்கள் வேலை முடிவதில்லை. அதே மெஷின் மூன்று வருஷம் கழித்துப் பழுதாகி என் மேசைக்கே திரும்பி வரும். அதனால் புதுசில் எது பளபளப்பாக இருக்கிறது என்பதைவிட, மூன்றாம் வருஷம் எது என்ன கதியில் இருக்கும் என்பதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அப்படித் திரும்பி வருகிற லேப்டாப்களில் நிறைய ஒரே கதைதான். எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம் என்று வாங்கியிருப்பார்கள். ஆனால் வாங்கிய நாளிலிருந்து ஒரே மேசையில், சார்ஜர் செருகியபடியே கிடந்திருக்கும். பேட்டரி செத்துப்போய், சார்ஜரைப் பிடுங்கினால் அந்த நொடியே அணையும். அதாவது சின்னத் திரையும், குனிந்து பார்க்க வேண்டிய உயரமும், அதிக ரிப்பேர் செலவும் உள்ள ஒரு டெஸ்க்டாப்பாக அது ஆகிவிட்டிருக்கும். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. டெஸ்க்டாப்பை வாங்கிவிட்டு, வைக்க இடமில்லாமல், பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஸ்டூல் போட்டு மானிட்டரை வைத்து, கீபோர்டை மடியில் வைத்துத் தட்டுகிறவர்கள். ஆறே மாதத்தில் அதன் மேல் துணி மடித்து வைக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

2011-ல் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து நம் வீடுகளில் கம்ப்யூட்டர் என்றாலே லேப்டாப் என்று பதிந்துவிட்டது. முதல் கம்ப்யூட்டரே அப்படித்தான் வந்தது என்றால் இரண்டாவதையும் அப்படியே கேட்பது இயற்கைதான். ஆனால் இரண்டாவது நம் காசு. கொஞ்சம் யோசிக்கலாம்.

வாசலைத் தாண்டுமா, தாண்டாதா?

பழக்கமான அச்சகத்து அண்ணாச்சி ஒருவர் வந்தார். பேச்சு இப்படிப் போனது.

"மகளுக்கு லேப்டாப் வேணும்மா, நல்லதாப் பாத்துச் சொல்லு."

"எந்தக் காலேஜ் அண்ணாச்சி? ஹாஸ்டலா?"

"இல்ல, இங்கதான். காலேஜ் பஸ்ல போயிட்டு வந்திரும். பி.காம்."

"காலேஜ்ல லேப்டாப் கொண்டுவரச் சொல்லியிருக்காங்களா?"

"அப்படி ஒண்ணும் சொல்லலையே."

"வீட்ல வேற யாரு தொடுவாங்க?"

தம்பி ஒன்பதாவது படிக்கிறான். அவனுக்கு ஆன்லைன் வகுப்பு. அண்ணாச்சி தானும் ராத்திரி உட்கார்ந்து கொட்டேஷன் அடிக்கவேண்டும் என்றார். ஹாலில் மேசை இருக்கிறது, பக்கத்திலேயே பிளக் பாயின்ட் இருக்கிறது. இதில் லேப்டாப்புக்கு எங்கே வேலை? மூன்று பேர் மாற்றி மாற்றித் தொடப்போகிற மெஷின், வீட்டை விட்டு வெளியே போகாத மெஷின். டெஸ்க்டாப்தான். ஒன்பதாவது படிக்கிற பையன் இருக்கிற வீட்டில் இன்னொரு லாபமும் உண்டு. ஹாலில் மேசைமேல் இருக்கிற 22 இஞ்ச் திரையைப் போர்வைக்குள் கொண்டு போக முடியாது.

மாதத்தில் நாலைந்து நாளாவது மெஷின் வீட்டு வாசலைத் தாண்டும் என்றால் லேப்டாப். ஹாஸ்டல் பிள்ளை என்றால் யோசிக்கவே வேண்டாம், லேப்டாப். வாடிக்கையாளர் இடத்துக்கே போய்க் கணக்கு எழுதுகிற ஆடிட்டர் ஆபீஸ் பையன், பள்ளிக்கூடத்தில் புரொஜெக்டர் மாட்டிப் பாடம் நடத்துகிற டீச்சர், கல்யாண மண்டபத்திலேயே படத்தை இறக்கிக் காட்டுகிற போட்டோகிராபர், எல்லோருக்கும் லேப்டாப். அடிக்கடி வீடு மாறுகிற வாடகைக் குடித்தனத்துக்கும் அதுவே வசதி.

"எப்பவாவது ஊருக்குப் போனா எடுத்துட்டுப் போகலாமே" என்பது கணக்கில் வராது. தீபாவளி, பொங்கலுக்குச் சொந்த ஊர் போகிறபோது யாரும் எக்ஸெல் திறப்பதில்லை. அவசரத்துக்குப் போன் இருக்கிறது.

கடை பில்லிங் என்றால் சந்தேகமே இல்லாமல் டெஸ்க்டாப். பில் பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர், மவுஸ், பென் டிரைவ், கணக்கர் வந்தால் செருகுகிற டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கன் என்று யூஎஸ்பியே அரை டஜன் வேண்டும். இப்போது வருகிற மெல்லிய லேப்டாப்களில் இரண்டு மூன்றுதான் இருக்கிறது. மேலும் கல்லாவுக்குப் பக்கத்தில் லேப்டாப் இருந்தால் டீ கொட்டும். டெஸ்க்டாப்பில் டீ கொட்டினால் போவது சில நூறு ரூபாய் கீபோர்டு. லேப்டாப்பில் கொட்டினால் கீபோர்டுக்கு நேர் கீழேதான் மதர்போர்டு.

ஐடி கம்பெனியில் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்களுக்குக் கம்பெனியே லேப்டாப் தந்திருக்கும். அவர்கள் இன்னொரு கம்ப்யூட்டர் வாங்குவதைவிட ஒரு நல்ல மானிட்டர், தனி கீபோர்டு, முதுகைத் தாங்குகிற நாற்காலி வாங்குவது உத்தமம்.

இரண்டுமே வேண்டாம் என்று நான் திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு. யூடியூப், வாட்ஸ்ஆப், கரண்ட் பில் கட்டுவது, அமெரிக்காவில் இருக்கிற மகனோடு வீடியோ கால், இவ்வளவுதான் என்றால் கையில் இருக்கிற போனே போதும். கண்ணுக்குப் பெரிதாக வேண்டும் என்றால் ஒரு டேப்லட். வியாபாரி இப்படிச் சொல்லலாமா என்று வீட்டில் திட்டு விழும். விழட்டும்.

விலையைப் பற்றி

ரூபாய்க் கணக்கு இங்கே எழுதப் போவதில்லை. 2025 கடைசியில், ஏஐ டேட்டா சென்டர்களுக்கே சிப்பெல்லாம் போகிறது என்று ராம் விலை ஏறிய ஏற்றத்தில், காலையில் சொன்ன கொட்டேஷன் சாயங்காலம் செல்லாமல் போன நாட்கள் உண்டு. நீங்கள் படிக்கிற அன்றைக்கு இரண்டு கடையில் கொட்டேஷன் வாங்கிப் பாருங்கள், அதுதான் சரி.

ஆனால் ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். லேப்டாப் விலையில் திரை, கீபோர்டு, கேமரா, மைக், ஸ்பீக்கர், வைஃபை, ப்ளூடூத், பேட்டரி எல்லாம் அடங்கிவிடும். பெரும்பாலான மாடல்களில் ஒரிஜினல் விண்டோஸும் சேர்ந்தே வரும். அசெம்பிள் டெஸ்க்டாப் கொட்டேஷனில் "சிபியு இவ்வளவு" என்று எழுதியிருப்பதைப் பார்த்து மலிவு என்று நினைக்கவேண்டாம். மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யூபிஎஸ், வெப்கேம், ஸ்பீக்கர், வைஃபை டாங்கிள், விண்டோஸ் லைசென்ஸ் எல்லாவற்றையும் கூட்டிய பிறகு பாருங்கள். மேசையும் நாற்காலியும் இல்லை என்றால் அதையும் கூட்டுங்கள். பல மதர்போர்டுகளில் வைஃபை கிடையாது என்பது வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டிய பிறகுதான் பலருக்குத் தெரிகிறது.

எல்லாம் கூட்டினாலும் அதே காசுக்கு டெஸ்க்டாப்பில் வேகம் கூடுதலாகத்தான் கிடைக்கும். "ரெண்டுமே ஐ5 தானே, ரெண்டுமே 12-ஆம் ஜெனரேஷன் தானே" என்று கேட்பார்கள். லேப்டாப்பில் இருக்கிற இன்டெல் ஐ5-1235யு பிராசஸர் சிப்பில் பெரிய கோர், அதாவது கணக்குப் போடுகிற மூளை, இரண்டுதான், மீதி எட்டும் மின்சாரம் மிச்சம் பிடிக்கிற சின்னக் கோர்கள். அடிப்படையாக 15 வாட்டில் ஓடுவது. டெஸ்க்டாப்பின் ஐ5-12400-ல் ஆறும் பெரிய கோர், 65 வாட். பெயர் ஒன்று, வேலை வேறு. டாலி, எக்ஸெல், பிரவுசர் என்றால் இந்த வித்தியாசம் தெரியாது. கோரல்டிராவில் கனமான காலண்டர் டிசைன் திறந்தால் உடனே தெரியும்.

டெஸ்க்டாப் என்று முடிவெடுத்தால்

முதலில் பிளக் பாயின்ட். வாஸ்து பார்த்து மேசை போடுகிற நம் ஆட்கள் எர்த் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. சிபியு பெட்டியைத் தொட்டால் சுருக் சுருக்கென்று இழுக்கிறது என்று சொல்லி வருகிறவர்கள் வீட்டில் பெரும்பாலும் எர்த் வயர் இருக்காது, அல்லது மூன்றாவது பின்னை ஒடித்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் செருகியிருப்பார்கள். பாகங்களுக்குக் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் உள்ளே மின்சார இரைச்சலை வடிகட்ட சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் பாதி, ஏறக்குறைய 115 வோல்ட், பெட்டியின் தகரத்தில் வந்து நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளைத் தூக்கி அடிக்காது, சுருக்கென்று இழுக்கும், டெஸ்டர் வைத்தால் எரியும். ஆனால் பென் டிரைவும் பிரிண்டர் போர்டும் இதில் போகலாம். மெஷின் வருவதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஒரு பாயின்ட்டையாவது சரி செய்துவிடுங்கள்.

அடுத்தது யூபிஎஸ். சாதாரண 600 விஏ யூபிஎஸ் போதும். கரண்ட் போனால் பத்துப் பதினைந்து நிமிஷம் தாங்கும், சேவ் பண்ணி மூடுவதற்கு அது தாராளம். உள்ளே இருக்கிற 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் மாற்றவேண்டியிருக்கும். அது புது யூபிஎஸ் வாங்குகிற செலவில்லை, பேட்டரி மட்டும்தான். லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் செருகாதீர்கள். அதன் ஹீட்டர் சூடேறும்போது இழுக்கிற கரண்டை யூபிஎஸ் தாங்காது, "பீப்" என்று கத்திவிட்டு எல்லாவற்றையும் சேர்த்து அணைத்துவிடும். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, தனி யூபிஎஸ் எதற்கு என்பவர்கள் இன்வெர்ட்டரின் பின்பக்கம் பாருங்கள். யூபிஎஸ் மோட், ஈகோ மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். ஈகோவில் இருந்தால் மாறுகிற இடைவெளியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகலாம். யூபிஎஸ் மோடுக்குத் தள்ளிவிட்டால் பெரும்பாலும் தாங்கும்.

அப்புறம் பல்லி. சிரிக்காதீர்கள், இது எங்கள் ஊர்ப்பக்கம் பெரிய விஷயம். டப்பென்று சத்தம் கேட்டு அணைந்த சிபியு ஒன்றைக் கொண்டு வந்தால், எஸ்எம்பிஎஸ்ஸின் நான்கு ஸ்குரூவைக் கழற்றி மூடியை எடுத்ததும் கருகல் வாடை வரும். ஹீட்சிங்குக்கும் சர்க்யூட் போர்டுக்கும் நடுவே காய்ந்த பல்லி ஒன்று, வால் ஒரு பக்கம், தலை ஒரு பக்கமாகக் குறுக்கே கிடக்கும். வெதுவெதுப்பு தேடி உள்ளே போனது. எஸ்எம்பிஎஸ்ஸின் காற்று ஓட்டையை அடைக்க முடியாது, அது சுவாசிக்கவேண்டும். ஆனால் பெட்டியின் பின்பக்கம் கார்டு மாட்டாத காலி ஸ்லாட்டுகளுக்கு ஒரு தகர மூடி உண்டு. மதர்போர்டு பெட்டிக்குள் ஐஓ ஷீல்டு என்று ஒரு தகடும் வரும். அவசரத்தில் அசெம்பிள் பண்ணுகிறவர்கள் இதையெல்லாம் மாட்டாமல் விட்டுவிடுவார்கள். அந்த ஓட்டை வழியாகப் பல்லி மட்டுமல்ல, சுண்டெலியும் போகும். வாங்கும்போது சிபியுவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். ஓட்டை இருந்தால் "மூடி எங்கே?" என்று கேளுங்கள்.

பாகங்களில், அன்றாட வேலைக்கு ஐ3-12100 மாதிரி ஒன்று தாராளம். ஒரே ஒரு எழுத்தை மட்டும் கவனியுங்கள். பெயர் கடைசியில் எஃப் என்று முடிந்தால், அதாவது 12100எஃப், 12400எஃப் என்றால், அதில் கிராபிக்ஸ் கிடையாது. தனி கிராபிக்ஸ் கார்டு போடாமல் திரையில் ஒன்றுமே வராது. இன்டெல்லுக்குப் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியில் 5600ஜி போல ஜி என்று முடிகிறவற்றில் கிராபிக்ஸ் உள்ளேயே நன்றாக இருக்கும். ராம் 8 ஜிபி என்பது இன்றைக்குக் குறைந்தபட்சம், 16 இருந்தால் நிம்மதி. டெஸ்க்டாப்பில் இப்போது 8 போட்டுவிட்டு விலை இறங்கும்போது இன்னொரு 8 சேர்க்கலாம், ஸ்லாட் காலியாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். எஸ்எஸ்டி, அதாவது பழைய ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான ஸ்டோரேஜ், இல்லாத மெஷினை யார் சும்மா கொடுத்தாலும் யோசியுங்கள்.

எஸ்எம்பிஎஸ் மட்டும் பேர் தெரிந்த கம்பெனியாக இருக்கட்டும். கேபினட்டோடு இலவசமாக வருகிறது என்று சொல்வதை ஒத்துக்கொள்ளவேண்டாம். எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் கொடுப்பது அதுதான். அது கெட்டால் மற்றவற்றையும் சேர்த்துக்கொண்டு போகும்.

மூன்று நான்கு வருஷத்தில் டெஸ்க்டாப்பில் வருகிற தொல்லைகள் பெரும்பாலும் சில்லறைதான். ஆன் ஆகிறது, திரை வரவில்லை என்றால் ராமைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் துடைத்து மாட்டினால் பாதி நேரம் சரியாகிவிடும். தேதி தானாகப் பழைய வருஷத்துக்குப் போய், எந்த வெப்சைட் திறந்தாலும் "பாதுகாப்பு இல்லை" என்று மிரட்டினால், மதர்போர்டில் இருக்கிற காசு அளவு சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். வாட்ச் கடையிலேயே கிடைக்கும். எந்த ஊரில் எந்த மெக்கானிக் வேண்டுமானாலும் பார்த்துவிடலாம். நான் டெஸ்க்டாப் பக்கம் சாய்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

லேப்டாப் என்று முடிவெடுத்தால்

பெயர்ப் பலகையைப் படிக்கப் பழகுங்கள். இன்டெல்லில் யு என்று முடிந்தால் மின்சாரம் கம்மி, சூடு கம்மி, பேட்டரி நிற்கும். ஹெச் என்று முடிந்தால் வேகம் கூடும், சூடும் எடையும் சார்ஜர் சைஸும் சேர்ந்து கூடும். அன்றாட வேலைக்கு யு போதும். ஏஎம்டியில் 7000 வரிசைக்கு ஒரு சூட்சுமம் உண்டு, மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். ரைசன் 5 7520யு என்றால் மூன்றாவது இலக்கம் 2, அதாவது 2019-ல் வந்த ஜென் 2 வடிவமைப்பு, நான்கே கோர். 7530யு என்றால் ஜென் 3, ஆறு கோர். பெயரில் பத்துதான் வித்தியாசம், உள்ளே ஒரு தலைமுறை வித்தியாசம். கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்பார்கள்.

விலை மிகக் குறைவாக இருக்கிறது என்றால் ஸ்டோரேஜைப் பாருங்கள். "64 ஜிபி இஎம்எம்சி, 4 ஜிபி ராம்" என்று இருந்தால் வேண்டாம். விண்டோஸே அதில் பாதியைத் தின்றுவிடும். நாலு அப்டேட் வந்ததும் இடமில்லை என்று நிற்கும். மாற்றவும் முடியாது, போர்டோடு ஒட்டியது.

ராமும் இப்போது பல மாடல்களில் போர்டோடு சேர்த்து சால்டர் பண்ணியே வருகிறது. "8 ஜிபி ஆன்போர்டு, ஸ்லாட் இல்லை" என்றால் அந்த மெஷின் சாகும் வரை 8 ஜிபிதான். அதனால் லேப்டாப்பில் முதலிலேயே 16 வாங்குங்கள், அல்லது கூடுதல் ஸ்லாட் இருக்கிற மாடலாகக் கேளுங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மென்ஸ், மெமரி என்று போனால் "ஸ்லாட்ஸ் யூஸ்ட்" என்று ஒரு வரி இருக்கும், டெமோ பீஸிலேயே பார்த்துவிடலாம்.

திரை விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். மலிவு லேப்டாப்களில் "45 சதவீதம் என்டிஎஸ்சி" என்று ஒரு பேனல் வரும், நிறங்களைக் குறைவாகக் காட்டுகிற திரை. டைப் அடிக்க, படம் பார்க்கப் பரவாயில்லை. கல்யாணப் பத்திரிகை டிசைன் பண்ணினால் குங்குமச் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும். அதுதான் நிஜ நிறம் என்று நினைத்துச் சிவப்பைக் கூட்டி அனுப்பினால் பிரஸ்ஸில் அடித்து வரும்போது கண்ணைப் பறிக்கும். நிறத்தோடு வேலை என்றால் நூறு சதவீதம் எஸ்ஆர்ஜிபி என்று போட்ட பேனல் கேளுங்கள், அல்லது வெளி மானிட்டர் வாங்குங்கள்.

பேட்டரிக்கு வருவோம். "டச்பேட் கிளிக் ஆகலக்கா" என்று கொண்டு வருவார்கள். கையை வைத்ததும் தெரிந்துவிடும், டச்பேட் ஒரு பக்கம் மேலே எழும்பியிருக்கும். அடி மூடியின் ஸ்குரூவை ஒவ்வொன்றாகத் தளர்த்தும்போதே மூடி தானாகத் துள்ளும். உள்ளே கறுப்புப் பொட்டலமாகத் தட்டையாக இருக்கவேண்டிய பேட்டரி பூரி மாதிரி உப்பி, மேலே இருக்கிற டச்பேடை முதுகால் நெம்பிக்கொண்டிருக்கும். வருஷக்கணக்கில் நூறு சதவீத சார்ஜில், சித்திரை வெயில் சூட்டில், சார்ஜரோடேயே கிடந்ததன் பலன். அப்படி உப்பியதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். மெஷினை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, நேரே சர்வீஸுக்குக் கொண்டுபோகவேண்டும்.

இதைத் தவிர்க்க எளிய வழி இருக்கிறது. 80 சதவீதம் அளவில் சார்ஜை நிறுத்துகிற வசதி இன்று பெரும்பாலான லேப்டாப்களில் உண்டு. லெனோவோ என்றால் வான்டேஜ் ஆப்பில் கன்சர்வேஷன் மோட், ஆசுஸ் என்றால் மைஆசுஸ், சில ஹெச்பி, டெல் மாடல்களில், மெஷின் ஆன் ஆகும்போது திறக்கிற பயாஸ் செட்டிங்குக்குள்ளேயே. வீட்டில் செருகி வைத்தே வேலை பார்க்கிறவர்கள் வாங்கிய அன்றைக்கே அதைப் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று கீல். பிளாஸ்டிக் உடம்பு லேப்டாப்பில் கீலின் ஸ்குரூ பிடித்திருப்பது பிளாஸ்டிக்கில் புதைத்த சின்னப் பித்தளை நட்டுகளில்தான். ஒரு கையால் திரையின் ஒரு மூலையைப் பிடித்து வெடுக்கென்று திறந்து மூடினால் அந்த நட்டு பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். நடுவில் பிடித்துத் திறக்கவேண்டும். வீட்டுக்கு வந்ததும் எல்லோருக்கும் முதல் பாடமாக இதைச் சொல்லிவிடுங்கள். மெத்தையிலும் தலையணையிலும் வைத்து ஓட்டாதீர்கள், காற்று இழுக்கிற ஓட்டை அடியில்தான் இருக்கிறது.

எடையையும் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். ஒன்றரை கிலோ மெஷினுக்கும் இரண்டரை கிலோ மெஷினுக்கும் வித்தியாசம் கடையில் தெரியாது. பஸ்ஸில் நின்றுகொண்டே காலேஜ் போகிற பிள்ளையின் தோளுக்குத் தெரியும்.

நடுவில் சில வழிகள்

லேப்டாப் வெளியேயும் போகவேண்டும், வீட்டில் நாலைந்து மணி நேரம் உட்கார்ந்தும் வேலை பார்க்கவேண்டும் என்றால், சுமாரான லேப்டாப்பும் நல்ல மானிட்டருமாகக் காசைப் பிரித்துப் போடுங்கள். 15.6 இஞ்ச் திரையைவிட 21.5 இஞ்ச் திரையின் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. எக்ஸெலில் வலது பக்கம் தள்ளித் தள்ளிப் பார்க்கிற வேலையே மிச்சம். ஹெச்டிஎம்ஐ வயரைச் செருகி, தனி கீபோர்டும் மவுஸும் வைத்துக்கொண்டால் கழுத்து வலிக்காது. டைப்ரைட்டிங் கற்றவர்களுக்கு அந்தத் தனி கீபோர்டு வந்த பிறகுதான் வேகமே திரும்பி வரும். மானிட்டருக்குப் பதில் வீட்டு டிவியையே மாட்டலாமே என்பார்கள். 32 இஞ்ச் ஹெச்டி ரெடி டிவி பெரும்பாலும் 1366க்கு 768 புள்ளிகள்தான். தமிழ் எழுத்தின் சுழியெல்லாம் பிசிறடிக்கும். படம் பார்க்க மட்டும் சரி.

இடம் இல்லை, ஆனால் வெளியேயும் போகாது என்றால் மினி பிசி. ஒரு தடித்த புத்தகம் அளவுதான், மானிட்டரின் முதுகிலேயே மாட்டிவிடலாம். பெரிய கம்பெனிகள் குத்தகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுத்த திங்க்சென்டர் டைனி, ஆப்டிப்ளெக்ஸ் மைக்ரோ, எலைட்டெஸ்க் மினி எல்லாம், பழையதைச் சரிசெய்து விற்கிற ரீஃபர்பிஷ்டு சந்தையில் நிறையக் கிடைக்கின்றன. வீட்டு உபயோகத்துக்கு எனக்குப் பிடித்த தேர்வு இதுதான், உழைக்கிற சாதி.

ரீஃபர்பிஷ்டில் ஏமாறுகிற இடம் ஒன்றுண்டு. "ஐ7, 16 ஜிபி, பாதி விலை" என்பார்கள். எந்த ஐ7 என்று நம்பரைக் கேளுங்கள். 6700 என்றால் 6-ஆம் தலைமுறை, 8700 என்றால் 8-ஆம் தலைமுறை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறையும் அதற்கு மேலும், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் வேண்டும். 6700-லும் எப்படியோ 11 ஏற்றிக் கொடுப்பார்கள், பின்னால் அப்டேட்டில் தகராறு செய்யும். ஐ7-6700-ஐவிடப் புதிய ஐ3-12100 வேகமானது என்பதை நினைவில் வையுங்கள். பழையதாகவே இருந்தாலும் பரவாயில்லை, பிரவுசரும் லிப்ரே ஆபீஸும் போதும் என்றால் விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளலாம். தமிழ் நன்றாகவே தெரியும்.

ஆல்-இன்-ஒன் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில் சின்னது. பார்க்க அழகு. திரை போனால் கம்ப்யூட்டர் போச்சு, கம்ப்யூட்டர் போனால் திரை போச்சு. ஆஸ்பத்திரி ரிசப்ஷனுக்கு வாங்கலாம்.

கரண்ட் பில்லை நினைத்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. எஸ்எம்பிஎஸ் மேல் 450 வாட் என்று எழுதியிருப்பது அதன் கொள்ளளவு, செலவு இல்லை. சாதாரண டெஸ்க்டாப், மானிட்டரோடு, டைப் அடிக்கிற வேலைக்கு 80 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஆறு மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் 29 யூனிட் வரும். லேப்டாப் 25 வாட் என்றால் 9 யூனிட். வித்தியாசம் 20 யூனிட். ஒன்றரை டன் ஏசி இரண்டு ராத்திரி ஓடினால் ஏறக்குறைய அவ்வளவு போகும்.

வாங்குகிற அன்றைக்கு

சென்னை போகிறவர்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிவந்தால் மலிவு என்பது உண்மைதான். லேப்டாப் என்றால் பிராண்டின் சர்வீஸ் சென்டர் மதுரையிலும் பார்க்கும், தைரியமாக வாங்கலாம். அசெம்பிள் டெஸ்க்டாப் என்றால் வாரண்டி பாகத்துக்குப் பாகம் தனி. பிராசஸர், மதர்போர்டு, மானிட்டருக்குப் பெரும்பாலும் மூன்று வருஷம். ஏதாவது போனால் யார் கழற்றி, யார் அனுப்பி, யார் திரும்ப மாட்டுவது? அதற்கு உள்ளூர்க் கடைதான் சரி. நான் கடைக்காரி என்பதால் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்புக்கு வாரண்டி பொதுவாக ஒரு வருஷம்தான். "ஆன்சைட்டா, கேரி-இன்னா" (ஆள் வீட்டுக்கு வருவாரா, நாம் தூக்கிக்கொண்டு போகவேண்டுமா) என்று கேட்டு, முடிந்தால் இன்னும் ஒரு வருஷம் நீட்டித்துக்கொள்ளுங்கள். கடனுக்கு வாங்கினால் இஎம்ஐ முடிவதற்கு முன்னால் வாரண்டி முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையிலேயே பெட்டியைப் பிரித்து ஆன் பண்ணச் சொல்லுங்கள். முழு வெள்ளை, முழு கறுப்புப் படம் ஒன்றைத் திறந்து செத்த புள்ளி இருக்கிறதா என்று திரையைப் பாருங்கள். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தில் விண்டோஸ் ஆக்டிவ் என்று இருக்கவேண்டும். அசெம்பிள் மெஷினில் "ஃபுல் வெர்ஷன் போட்டாச்சு" என்று யாராவது சொன்னால் லைசென்ஸ் கீ எங்கே என்று கேளுங்கள். கிராக் போட்ட மெஷினில் நெட் பேங்கிங் செய்வது உங்கள் தலையெழுத்து. பழைய லேப்டாப் என்றால் பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், அது விண்டோஸிலேயே இருக்கிற வசதி. டிசைன் கெப்பாசிட்டி 50,000, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி 25,000 என்று இருந்தால் பேட்டரிக்குப் பாதி உயிர்தான் மிச்சம், விலையைக் குறையுங்கள்.

ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் இருக்கவேண்டும். "ஒரு செட் கம்ப்யூட்டர்" என்று ஒரே வரியில் எழுதிய பில் வாரண்டிக்கு உதவாது. பில்லைப் போட்டோ எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பி வையுங்கள், தெர்மல் தாளில் அடித்தது வருஷம் திரும்புவதற்குள் வெளுத்துவிடும். மானிட்டர் வந்த அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் மட்டும் பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் வாரண்டி முடிகிற வரை பரணில் வையுங்கள். சர்வீஸுக்குப் பார்சல் போட நேர்ந்தால் வேறு எந்த அட்டையிலும் அது பத்திரமாகப் போய்ச் சேராது.